பே ஏரியாவில் குடும்பமாக ஒரு தோசை டிரக்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

ஃபுட் டிரக் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது மெனுவைத்தான். முப்பது அயிட்டம் இருக்கும். கேட்டால், "எங்க அம்மா சாம்பாருக்கு ஊரே அடிமை" என்பார்கள். சந்தோஷம். ஆனால் டிரக் பிழைக்குமா என்பது வேறு கணக்கு. மதியம் பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை அந்தச் சின்ன ஜன்னல் வழியாக எத்தனை தட்டு வெளியே போகிறது என்று பாருங்கள். மெனு, தோசைக்கல், தண்ணீர்த் தொட்டி, யார் எங்கே நிற்பது என எல்லாவற்றையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில், ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் குடும்பமாக ஆரம்பிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கலிஃபோர்னியாவைத் தாண்டினால் சட்டம் மாறும், தோசைக்கல்லடி வேலை மாறாது.

விசாவைப் பாருங்கள், பிறகு வண்டியை

நம்மவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியது.

கணவரோ மனைவியோ எச்-1பி வேலை விசாவில் இருந்தால், அந்த விசாவில் பெயர் இருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் அவர் வேலை செய்யலாம். டிரக்கில் பணம் போடுவது ஒரு விஷயம், சனிக்கிழமை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பது இன்னொரு விஷயம். "சம்பளம் வாங்கலையே, சும்மா உதவிதானே" என்பது செல்லாது. எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வைத்திருந்தால் சொந்தத் தொழில் செய்யலாம். 2015இல் வந்த விதி அது. பெரும்பாலும் துணைவருக்காகப் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகாரம் ஆகியிருந்தால் கிடைக்கும். ஆனால் அட்டை காலாவதியாகும் தேதியோடு தொழிலும் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. எச்-4 பிள்ளைகளுக்கு எந்த வயதிலும் வேலை அனுமதி கிடையாது.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா? விசிட்டர் விசாவில் இருப்பவர் டிரக்கில் ஒரு தோசைகூட வார்க்கக் கூடாது. கைப்பக்குவத்தை வீட்டு அடுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கும் மாமியார் என்றால் கதையே வேறு. அவர்தான் உங்கள் டிரக்கின் சொத்து.

குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து, யார் பெயரில் கம்பெனி, யார் என்ன வேலை செய்யலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வாங்கிய பிறகு கேட்டால் அந்தப் பதில் பயன்படாது.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் எல்.எல்.சி. என்ற வரையறுத்த பொறுப்புக் கம்பெனியாகப் பதிவு செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் எல்.எல்.சி.க்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், வருடத்துக்குக் குறைந்தது 800 டாலர் வரி உண்டு. மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தொழிலுக்குத் தரும் ஈ.ஐ.என். எண் இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களை மூடிவிடுங்கள். விற்பனை வரி வசூலிக்க மாநிலம் தரும் செல்லர்ஸ் பெர்மிட்டும் இலவசம்தான். சூடான உணவுக்கு விற்பனை வரி வசூலித்துக் கட்ட வேண்டும். எந்த நகரத்தில் விற்றீர்களோ அந்த நகரத்தின் விகிதம் என்பதால், பில் போடும் டேப்லெட்டில் இடத்தை மாற்ற மறந்தால் மாதக் கடைசியில் தலைவலி.

குடும்பத்தில் ஒருவராவது உணவுப் பாதுகாப்பு மேனேஜர் சான்றிதழ் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐந்து வருடம் செல்லும். உணவைத் தொடும் மற்றவர்களுக்கு ஃபுட் ஹேண்ட்லர் கார்டு, மூன்று வருடம். தேர்வு கஷ்டமில்லை. வீட்டில் நன்றாகச் சமைப்பவர்கள்தான் அதில் தடுமாறுவார்கள், ஏனென்றால் "மோந்து பார்த்தா தெரியாதா" என்ற விடை அங்கே கிடையாது.

சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள் வைத்தாலும் வேலையில் அடிபட்டால் ஈடுகட்டும் வொர்க்கர்ஸ் காம்பென்சேஷன் காப்பீடு கட்டாயம். வண்டிக்கு வணிக ஆட்டோ காப்பீடு தனி, பொதுப் பொறுப்புக் காப்பீடு தனி. நிகழ்ச்சி நடத்துபவர்கள் பொதுவாக பத்து லட்சம் டாலர் வரம்புள்ள சான்றிதழைக் கேட்பார்கள், அதில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். அதை ஒரே நாளில் அனுப்பித் தரும் ஏஜென்டாகப் பிடியுங்கள்.

வண்டிக்கு முன்னால் கமிசரி

வீட்டில் சமைத்து டிரக்கில் ஏற்றிப் போய் விற்க முடியாது. உரிமம் பெற்ற பொதுச் சமையற்கூடம் ஒன்றோடு ஒப்பந்தம் வேண்டும். அதுதான் கமிசரி. மாவு அரைப்பது, சாம்பார் கொதிப்பது, நல்ல தண்ணீர் நிரப்புவது, கழிவுநீரைக் கொட்டுவது, ராத்திரி வண்டியை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். தொழில் செய்யும் நாளில் ஒரு தடவையாவது வண்டி அங்கே போய் வர வேண்டும் என்பது விதி. வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கமிசரிக் கடிதம் இல்லாமல் கவுன்ட்டி, அதாவது மாவட்டச் சுகாதாரத் துறை உங்கள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. இடம் கிடைப்பதும் சுலபமில்லை. அதனால்தான் வண்டிக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

கமிசரியைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகள். விடியற்காலை நாலரைக்குக் கதவு திறக்குமா? குளிர் அறையில் எனக்கென்று பூட்டும் அலமாரி உண்டா? மாவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வைக்க இடம் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முகம் போகும் போக்கைப் பாருங்கள். பக்கத்து மேஜையில் டாக்கோவுக்கு இறைச்சி வேகவைப்பவருக்கு, ஒரே ராத்திரியில் பொங்கி வழியும் வெள்ளை மாவு என்பது திகில்தான்.

வண்டி

ஏற்கெனவே டிரக்காக ஓடிய வண்டியை வாங்கினால், உள்ளே ஆள் நின்று சமைக்கும் வண்டிகளுக்கு மாநிலத்தின் வீட்டுவசதித் துறையான எச்.சி.டி. தரும் முத்திரை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு மாநிலத்திலிருந்து மலிவாக வரும் வண்டியில் அது இருக்காது. அதைப் பெறுவதற்குள், மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவாகிவிடும். அடுத்து, உங்கள் கவுன்ட்டியில் இந்த வண்டி பெர்மிட் வாங்கியிருக்கிறதா? பெர்மிட் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி தனி. சான்டா கிளாராவில் வாங்கியது அலமீடாவில் செல்லாது. ஃப்ரீமான்டும் சன்னிவேலும் அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் இரண்டு கவுன்ட்டி.

உள்ளே பாத்திரம் கழுவ மூன்று தொட்டி சிங்க், கை கழுவத் தனி சிங்க். கழிவுநீர்த் தொட்டி, நன்னீர்த் தொட்டியைப் போல ஒன்றரை மடங்கு கொள்ள வேண்டும். பாத்திரச் சிங்க்கில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வெந்நீர் வர வேண்டும். அடுப்புக்கு மேலே புகைபோக்கியும் தானாக இயங்கும் தீயணைப்பு அமைப்பும் இருக்கும். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த சீட்டு தொங்க வேண்டும். வடை, சிக்கன் 65 என்று எண்ணெய்ச் சட்டி வைத்தால் "கே" வகைத் தீயணைப்பானும் கூடவே வேண்டும்.

சாமான்கள் எல்லாவற்றிலும் என்.எஸ்.எஃப். அல்லது அதற்கு இணையான வணிகச் சான்று ஸ்டிக்கரை இன்ஸ்பெக்டர் தேடுவார். கோயம்புத்தூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த வீட்டு கிரைண்டரை அவர் ஒதுக்கிவிடுவார். தவிர அது 230 வோல்ட், இங்கே 120. சான்றுள்ள வணிக கிரைண்டருக்குப் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

ஜெனரேட்டர் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ், புகைபோக்கி விசிறி, தண்ணீர் பம்ப், விளக்கு, மிக்ஸி என ஒவ்வொன்றின் வாட்டையும் எழுதிக் கூட்டுங்கள். மோட்டார் வைத்த சாமான் கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதையும் சேருங்கள். கல்லும் எண்ணெய்ச் சட்டியும் புரொப்பேனில் இருந்தால் பாரம் நிறையக் குறையும்.

முடிந்தால் முதல் சில மாதம் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தோடு இரும்புப் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

கல் எவ்வளவு தரும்?

மொத்தத் தொழிலும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. 36 அங்குலக் கல்லில் ஒரே நேரத்தில் மூன்று தோசை. ஒரு தோசைக்கு, ஊற்றி, தேய்த்து, எண்ணெய் விட்டு, மசாலா வைத்து, மடித்து எடுக்க இரண்டரை நிமிடம். காகிதத்தில் மணிக்கு எழுபதுக்கு மேல் வரும். நடைமுறையில், கல்லைத் துடைத்து, வெங்காயம் தேய்த்து, "நெய் வேண்டாம், ஆனா க்ரிஸ்பியா" என்பவரைச் சமாளித்து, நாற்பத்தைந்து ஐம்பது தாண்டாது. ஒன்றரை மணி நேரத்துக்கு எழுபது தோசை. வரிசையில் நூற்றிருபது பேர் நின்றாலும் அந்த எழுபதுதான். மிச்சப் பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த டிரக்குக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே மெனுவில் பாதி கல்லைத் தொடாததாக இருக்க வேண்டும். கல்லில் மூன்று: மசால் தோசை, பொடி தோசை, ஒரு ஊத்தப்பம் அல்லது முட்டை தோசை. கல்லுக்கு வெளியே மூன்று: சூட்டுப் பெட்டியிலிருந்து அள்ளிப் போடும் சிக்கன் பிரியாணி, எலுமிச்சை சாதம் போல ஒன்று, எண்ணெய்ச் சட்டியில் சிக்கன் 65. குடிக்க மோர், மேங்கோ லஸ்ஸி. தமிழ் டிரக்கில் மேங்கோ லஸ்ஸியா என்று முகம் சுளிக்காதீர்கள், கேட்காத ஆளே இல்லை. வரிசை நீளும்போது ஜன்னலில் நிற்பவர் "பிரியாணி உடனே தரலாம், தோசைக்குப் பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட வேண்டும். முகத்துக்கு நேராகக் காத்திருப்பு நேரத்தைச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

கொத்து பரோட்டா எல்லாருக்கும் ஆசை. சத்தமே விளம்பரம். ஆனால் தோசை வார்க்கும் கல்லில் கொத்தினால் முட்டையும் சால்னாவும் கல்லில் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் தோசை எழும்பாது, கிழியும். சூடும் ஒத்துப்போகாது. கொத்து போடுவதென்றால் தனிக் கல் வேண்டும், அல்லது தோசையே இல்லாத மாலை நேரத்தில் மட்டும் போடுங்கள். புதுக் கல்லைப் பழக்கவும் நாள் பிடிக்கும். முதல் வியாபாரத்துக்கு முன்னால் கமிசரி வளாகத்தில் வண்டியை நிறுத்தி, விற்காமல், சும்மா தோசை வார்த்துக்கொண்டே இருங்கள். கல்லின் எந்த மூலை அதிகம் காய்கிறது என்பதைக் கல்லடி நிற்பவரின் கை தெரிந்துகொள்ள வேண்டும். கல் அதிகம் காய்ந்தால் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும். ஒரு கை தண்ணீர் தெளித்துத் துடைத்தால் வழிக்கு வரும். சான் பிரான்சிஸ்கோ பக்கம் மாலைக் காற்று ஜன்னல் வழியாக அடித்து நெருப்பை அலைக்கழிக்கும், அதற்கு வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துவதுதான் வழி.

குறுகிய மெனுவுக்கு ஒரு நல்ல சாட்சி நியூயார்க்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான திரு குமார் 2001இல் வாஷிங்டன் ஸ்குவேர் பூங்காவில் ஒரு தள்ளுவண்டியில் தோசை போட ஆரம்பித்தார். முழுக்கத் தாவர உணவு, ஒரே இடம். 2007இல் நியூயார்க்கின் தெருவோர உணவுக்கான வெண்டி கோப்பையை வென்றார். வேறு பாதையும் உண்டு. கபூர் தம்பதி 2009இல் பே ஏரியாவிலேயே டிரக்காக ஆரம்பித்த கரி அப் நவ், டிக்கா மசாலாவை பரிட்டோவில் சுருட்டி, பிறகு உணவகச் சங்கிலியாக வளர்ந்தது. பரிட்டோ கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் சாப்பாடு, அதற்குக் கல் கணக்கும் கிடையாது. உங்களுக்கு எது தோது என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்ற மட்டும் முயல வேண்டாம்.

மாவு, சாம்பார், சட்னி

இங்கேதான் நம் சமையல் அமெரிக்க விதிகளோடு நேருக்கு நேர் மோதுகிறது. 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிராக இரு, அல்லது 135க்கு மேலே சூடாக இரு என்பது விதி. இடைப்பட்ட சூட்டில் ராத்திரி முழுவதும் இருக்கும் மாவை இன்ஸ்பெக்டர் முதல் தடவை பார்த்தால் கொட்டச் சொல்வார். அதனால் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே, புளிக்க வைக்கும் முறையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: எந்த அறை, எத்தனை மணி நேரம், எந்தச் சூடு, கடைசியில் அமில அளவு எவ்வளவு. பி.எச். மீட்டர் ஒன்று வாங்குங்கள். 4.6க்குக் கீழே போன மாவைப் பற்றி அவரால் பேச முடியும். "எங்க வழக்கம்" என்ற மாவைப் பற்றி முடியாது. புளித்ததும் குளிர் அறைக்குப் போய்விட வேண்டும். வண்டியிலும் கையடியில் ஒரு சின்ன டப்பா மட்டும், மீதி ஃபிரிட்ஜில்.

குளிர்காலத்தில் மாவு எழும்பாமல் சதி செய்யும். கமிசரியில் ரொட்டிக் கடைக்காரர் யாராவது இருந்தால், அவர் ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சூட்டு அலமாரியை ராத்திரிக்குக் கேட்டு வாங்குங்கள். 85 டிகிரியில் வைத்தால் ஜனவரியிலும் மாவு பொங்கி நிற்கும்.

சாம்பாரில் ஆபத்து கொதிக்கும்போது இல்லை, ஆறும்போது. 135 டிகிரியிலிருந்து 70க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து அடுத்த நான்கு மணி நேரத்தில் 41க்கு. ஆழமான குண்டானில் மூடிவைத்த பருப்புச் சாம்பார் விடிந்தும் நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல ஆழத்துக்கு ஊற்றி, மூடாமல் குளிர் அறையில் வையுங்கள். அல்லது ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் துடுப்பைப் போட்டுக் கிளறுங்கள். மறுநாள் சுட வைத்தால் 165ஐத் தொட வேண்டும். தினமும் காலையில் புதிதாக வைத்துவிடுவது இன்னும் நிம்மதி, வண்டியில் சூடாக இருந்து மிஞ்சியதை அன்றே கொட்டித்தான் ஆக வேண்டும். பருப்பு மலிவு. கொட்ட மனம் வராத மாமியாரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

தேங்காய்ச் சட்னி 41க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு அவுன்ஸ் மூடிக் கிண்ணங்களில் காலையிலேயே போட்டு அடுக்கிவிடுங்கள். சூடான தோசையோடு ஜில்லென்ற சட்னியா என்று நம்மவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள், வேறு வழியில்லை. காரச் சட்னியைச் சூடாக வைத்துக் கொடுத்து ஈடுகட்டலாம்.

ஒவ்வாமைக் கேள்விகளுக்குப் பதில் மனப்பாடமாக இருக்க வேண்டும். எள் 2023 முதல் அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவது. இட்லிப் பொடியில் எள் உண்டு, அதன்மேல் ஊற்றும் நல்லெண்ணெயே எள்தான். குருமாவில் முந்திரி. அதைவிட நுணுக்கமானது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசியும் உளுந்தும்தானே, தோசையில் க்ளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லை என்று பலகையில் எழுதிவிட்டு, அந்தப் பெருங்காயம் போட்ட சாம்பாரைக் கூடவே கொடுத்தால், சீலியாக் நோய் உள்ளவர் ஒருவர் உங்களை நம்பிச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். கோதுமை சேராத பெருங்காயம் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள், டப்பாவையும் எறியாமல் வைத்திருங்கள்.

யார் எங்கே நிற்பது

மூன்று பேர் போதும், நான்காவது ஆள் இடித்துக்கொள்வார். கல்லடியில் ஒருவர், நடுவில் தட்டு கட்டுபவர் ஒருவர், ஜன்னலில் ஒருவர். வியாபாரம் ஓடும்போது இடம் மாறக் கூடாது. கணவன் மனைவி சண்டை பெரும்பாலும் நடு மேஜையில்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் ஜன்னலிலிருந்து வரும் அவசரமும் கல்லிலிருந்து வரும் தாமதமும் சந்திக்கும் இடம் அது. அங்கே பொறுமைசாலியை நிறுத்துங்கள்.

ஆர்டர் சொல்வதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கை, பெயர், மாற்றம். "அத்தை, ரெண்டு மசால், ஒரு பொடி, பொடியில நெய் இல்ல!" கல்லடியிலிருந்து அத்தை திருப்பிச் சொல்ல வேண்டும்: "ரெண்டு மசால், ஒரு பொடி, நெய் இல்ல." திருப்பிச் சொல்லாத ஆர்டர் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மருமகள் மாமியாருக்கு உத்தரவு போடுவதா என்ற பேச்சுக்கெல்லாம் வண்டிக்குள் இடமில்லை. ஜன்னலில் நிற்பவர் சொல்வதுதான் சட்டம் என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் பேசி முடித்துவிடுங்கள்.

தோசையை மூடிய பெட்டியில் போட்டால் தன் ஆவியிலேயே நமுத்துவிடும். அகலக் காகிதத் தட்டில் திறந்தபடி கொடுங்கள். எடுத்துப் போகிறேன் என்பவருக்குக் காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டி. ஸ்பூன், ஃபோர்க் கேட்டால்தான் தர வேண்டும் என்பது 2022 முதல் மாநிலச் சட்டம்.

எங்கே நிறுத்துவது

ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால், 200 அடிக்குள் உங்கள் ஆட்கள் பயன்படுத்தக் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் இருக்க வேண்டும். அந்தக் கட்டட உரிமையாளரிடம் கடிதம் வாங்கி வண்டியில் வையுங்கள். ஒவ்வொரு நகரத்திலும் வணிக உரிமமும் தனி.

ஐ.டி. வளாகங்களின் மதிய உணவு கொரோனாவுக்கு முந்தைய மாதிரி இல்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை கூட்டம், வெள்ளிக்கிழமை காலி. மாலைக்கு என் முதல் தேர்வு பியர் வடிக்கும் சின்னச் சின்ன புரூவரிகள். பலவற்றில் சமையலறையே கிடையாது, அவர்களுக்கு டிரக் தேவை. வாடகையும் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே வருபவர்களில் பலர் தோசையை முதல் தடவை பார்ப்பவர்கள், சிக்கன் 65ஐ மட்டும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் வாரநாள் மாலைக்கு நல்லது. ஃப்ரீமான்ட் பக்கம் என்றால் வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் சாம்பாரைத் தங்கள் அம்மாவின் சாம்பாரோடு ஒப்பிடுவார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா இவற்றில் கூட்டம் வரும், ஆனால் எல்லாரும் ஒரே இடைவேளையில் வருவார்கள். கல் கணக்கை நினைத்துப் பாருங்கள். அங்கே தோசையே போடாமல் பிரியாணியும் வடையும் மட்டும் போடுவதுதான் புத்திசாலித்தனம். நிகழ்ச்சிக்காரர்கள் விற்பனையில் பங்கு கேட்டால், "மொத்தத்திலா, வரி போகவா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பின் பேரில் போகும் கேட்டரிங்குக்குக் குறைந்தபட்சத் தொகையை முன்பணமாக வாங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பாக இருந்தாலும்.

ஒரு மதியத்தின் கணக்கு

எழுபது வாடிக்கையாளர்கள், தலைக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1,050 டாலர், வரி தனி. சாமான் செலவு 30% என்றால் 315. இடத்துக்காரருக்கு 10% என்றால் 105. கார்டு கட்டணம் சுமார் 32. மிச்சம் 598. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள் பலர். இருங்கள். மூன்று பேர், தயாரிப்பு, ஓட்டுதல், கழுவுதல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏழு மணி நேரம். மணிக்கு 18 டாலர் போட்டால் 378. இப்போது மிச்சம் 220. அதில்தான் கமிசரி வாடகை, காப்பீடு, புரொப்பேன், பெட்ரோல், ஜெனரேட்டர் ரிப்பேர், வண்டிக் கடன்.

குடும்பம்தானே, சம்பளம் எதற்கு என்று அந்த 378ஐ எழுதாமல் விடுவதால்தான் பல டிரக்குகள் லாபத்தில் ஓடுவதாகத் தோன்றிக்கொண்டே திடீரென்று நின்றுபோகின்றன. அத்தைக்கு முழங்கால் வலி வந்து, அவர் இடத்தில் ஆள் போட்ட வாரமே உண்மை வெளியே வரும். கையில் கொடுக்கிறீர்களோ இல்லையோ, ஏட்டில் அந்தச் செலவை எழுதுங்கள். அத்தைக்குக் கையிலும் கொடுங்கள்.

இந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்த விலையை ஏற்றுவதைவிடச் சுலபமான வழி, ஒரே தயாரிப்பில் இரண்டு வேளை விற்பது. காலையில் கொதித்த சாம்பாரும் நறுக்கிய வெங்காயமும் ஏற்கெனவே செலவாகிவிட்டவை. மதியம் வளாகம், மாலை புரூவரி என்று ஒரே நாளில் இரண்டு இடம் பிடித்தால், இரண்டாவது இடத்துக்குக் கூடுதலாக ஆவது கைவேலையும் சாமானும் மட்டும்தான். வாரத்தில் அப்படி மூன்று நாள், மற்றபடி ஓய்வு. ஏழு நாளும் ஒரு வேளை ஓட்டுவதைவிட இது உடம்புக்கும் காசுக்கும் மேல்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வருவார், பெரும்பாலும் வரிசை நீளமாக இருக்கும்போது. வந்ததும் முதல் வேலையாகக் கை கழுவும் சிங்க்கில் வெந்நீரைத் திறந்து பார்ப்பார். அங்கே சோப்பும் காகிதத் துண்டும் இருக்க வேண்டும், சிங்க்கில் கொத்தமல்லிக் கட்டு ஊறிக்கொண்டிருக்கக் கூடாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இரண்டு, கிருமிநாசினித் தண்ணீரின் வீரியம் பார்க்கும் காகிதப் பட்டை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு எழுதிய தாள், பெர்மிட், சான்றிதழ்கள், கழிப்பறைக் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பேசும்போது ஒருவர் மட்டும் பதில் சொல்லுங்கள், மற்றவர்கள் தோசையைப் பாருங்கள். கூடவே ஒரு உபரி புரொப்பேன் ரெகுலேட்டர், தண்ணீர் பம்ப்புக்கு ஃபியூஸ், கார்டு மெஷினுக்கு இன்னொரு சார்ஜர், சில்லறை நூறு டாலர். இவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் நாள் நிச்சயம் சனிக்கிழமையாக இருக்கும், அன்றைக்கு எந்தக் கடையும் பக்கத்தில் இருக்காது.